ஜன்னல் அறைக்கு ஒரு கெளுத்தி

லிஃப்ட்காரரைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டு வகை மனிதர்கள்தான் உண்டு: பிரேக்கை மதிக்கிறவர்கள், மதிக்காதவர்கள். இருபத்தாறு வருஷமாக உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர் அவர். கயிறு தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம், மோட்டார் புகைந்தால் அணைத்துக்கொள்ளலாம், பிரேக் மட்டும் ஒரு நூலளவுகூட வழுக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. வீட்டிலும் அப்படித்தான். நாற்காலியை நாலு பக்கமும் ஆட்டிப் பார்க்காமல் உட்கார மாட்டார். கல்யாணமான முதல் நாள், கட்டில் ஆடுகிறது என்று அதன் அடியில் போய் மல்லாந்து படுத்துக்கொண்டு நட்டுகளை முறுக்கியவர். மேலே உட்கார்ந்திருந்த புதுப்பெண்ணுக்கு அன்றைக்கே ஒன்று புரிந்துவிட்டது. இந்த மனிதரோடு வாழ்ந்தால் எங்கிருந்தும் விழுந்து சாக வேண்டியிருக்காது. மற்றபடி எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

அந்தப் பெண்ணுக்கு நாத்தனார் வைத்த பெயர் ஊசி. முகத்துக்கு நேரே 'அண்ணி', முதுகுக்குப் பின்னால் 'ஊசி'. ஆள் ஒல்லி, சத்தமே வராது, நாள் முழுக்கத் தைப்பாள். பேண்டுக்கு அடி மடிப்பது, பழைய ஜிப்பைப் பிடுங்கிப் புதுசு வைப்பது, இடுப்பு பெருத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது, இளைத்துவிட்டதாக நம்புகிறவர்களுக்குப் பிடித்துக் கொடுப்பது. வேலை நடக்கும் இடம் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருந்த நடைவழி. மூன்றடி அகலம். அதில் மெஷினுக்கு ஒன்றரை அடி, ஊசிக்கு ஒரு அடி. மிச்சமிருந்த அரையடியில்தான் குடும்பம் குளிக்கப் போய்வந்தது. பகலிலும் டியூப்லைட். முதுகுக்குப் பின்னால் யாராவது பல் தேய்த்துக் காறிக்கொண்டிருக்க, அவள் யாரோ ஒருவருடைய பேண்டின் பின்பக்கத்துக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருப்பாள். பதினோரு வருஷம் இப்படி.

போன வருஷம் மகள் கல்யாணமாகிப் போனாள். அவள் அறை காலியானது. அந்த வீட்டிலேயே ஒழுங்கான ஜன்னல் உள்ள ஒரே அறை அதுதான். காலையிலிருந்து நாலு மணி வரை வெயில் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்திருக்கும். மகள் கிளம்பிய மறுநாளே ஊசி அந்த ஜன்னலை அளந்து, திரைக்குத் துணியும் வெட்டிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. அவள் எதைத்தான் சொன்னாள்?

அந்த நேரம் பார்த்து லிஃப்ட்காரருக்கு மீன் பைத்தியம் பிடித்தது.

காரணம் தங்கை புருஷன். அவர் பல் செட் செய்கிற டெக்னீஷியன். ஊரில் பாதிப் பேர் அவர் செய்த பல்லால்தான் மெல்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கெளுத்தி ஒன்றைப் பிடித்து, கையை முழுசாக முன்னால் நீட்டி அதைப் பிடித்தபடி போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார். படத்தில் மீன் கன்றுக்குட்டி அளவுக்கு இருந்தது. அதைப் பிடித்திருந்த விரல்களும் வாழைப்பழ அளவுக்கு இருந்தன என்பதை ஊசி மட்டும் கவனித்தாள்.

"மச்சான், இதெல்லாம் உங்களுக்குச் சரிப்பட்டு வராது. உங்களுக்கு மேல போறதும் கீழ வர்றதும்தான் தெரியும். மீன் பக்கவாட்டுல ஓடும்," என்றார் பல்செட்.

அவ்வளவுதான். இரண்டே மாதத்தில் வீட்டில் நாலு தூண்டில் கோல்கள். அதில் மூன்று உடைந்தவை. எதையும் தூக்கிப் போட மனசு வராமல் லிஃப்ட்காரர் எல்லாவற்றையும் மகள் அறையில் சாத்தி வைத்தார். கோலுக்குப் பின்னால் பெட்டி வந்தது, பெட்டிக்குப் பின்னால் வலை வந்தது, வலைக்குப் பின்னால் ஒரு நாற்றம் வந்தது. கோழி ஈரலைப் புளிக்க வைத்தால் கெளுத்தி மயங்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறு. தங்கையும் பல்செட்டும் சாப்பிட வந்திருந்தார்கள். ஊசி தட்டை வைத்துவிட்டு, சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"மெஷினை அந்த ரூம்ல போட்டுக்கலாம்னு இருக்கேன்."

லிஃப்ட்காரர் வாய்க்குக் கொண்டுபோன கவளத்தை நிறுத்தினார். "எந்த ரூம்ல?"

"ஜன்னல் ரூம்ல."

"அங்க என் சாமான் இருக்கே."

"அண்ணா, அது சாமானா? உடைஞ்ச குச்சி," என்றாள் தங்கை. "இதுவரைக்கும் நீ ஒரு மீன் கொண்டுவந்து நான் பார்க்கல. சளிதான் கொண்டுவந்திருக்கே."

பல்செட் சிரித்தார். அவர் சிரித்தால் கடை விளம்பரம் மாதிரி முப்பத்திரண்டும் தெரியும். லிஃப்ட்காரருக்கு அது சுருக்கென்று தைத்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

"சரி. இந்த மாசம் முடியறதுக்குள்ள பத்துக் கிலோவுக்குக் குறையாம ஒரு கெளுத்தி. நானே பிடிச்சுக் கொண்டாந்தா ரூம் என் கோலுக்கு. இல்லேன்னா மெஷினுக்கு. அப்புறம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

"அண்ணி, சரியா?" என்றாள் தங்கை.

ஊசி தலையாட்டினாள். இவர் இருக்கிற லட்சணத்துக்கு ஜன்னல் கிடைத்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் லிஃப்ட்காரர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலமே தூண்டில் கடைக்குக் கிளம்பினார். ஊசியையும் கூப்பிட்டார். ஒன்பதடிக் கோலைத் தெருவில் கொண்டுவர முன்னால் ஒரு ஆள், பின்னால் ஒரு ஆள் வேண்டுமாம்.

கடைக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு, அதைத் தேடிக்கொண்டிருந்தார்.

"என்ன மீனுக்கு சார்?"

"கெளுத்தி. பெருசு."

"கரையிலருந்து போடுவீங்களா, படகுலருந்தா?"

"கரை."

"தண்ணி ஓடுதா, நிக்குதா?"

"நீங்க கடைக்காரரா, போலீஸா?"

"ரெண்டுக்கும் வேற வேற கோல் சார்," என்றார் கடைக்காரர் பொறுமையாக. கெளுத்திக்காரர்களை நிறையப் பார்த்தவர். "படகுக்கு ஆறரை, ஏழடி போதும். கரையிலருந்து தூரமா வீசணும்னா எட்டு, ஒன்பது அடி வேணும். ஓடுற தண்ணின்னா ஈயக்குண்டும் கனமா கட்டணும், அதைத் தாங்கணும். அடி தடியா இருக்கணும், நுனி வளையணும்."

"வளையற கோலு எதுக்கு? வளைஞ்சா முறியும்."

"வளையலேன்னாதான் சார் முறியும்."

லிஃப்ட்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதலில் கார்பன் கோலை எடுத்தார். கையில் கனமே இல்லை. கனமில்லாத பொருளை அவர் நம்புவதில்லை. திரும்ப வைத்தார். அடுத்தது கிளாஸ் ஃபைபர் கோல், உலக்கை மாதிரி கனத்தது. முகம் மலர்ந்தது.

"இது எத்தனை கிலோ தூக்கும்?"

"கோல் தூக்காது சார். மீனைத் தூக்கறது வலை. கோல் மீனைக் களைப்பாக்கும், அவ்வளவுதான்."

"லோடு எவ்வளவுன்னு எழுதாம எப்படி விக்கிறீங்க? எங்க லிஃப்ட்ல எழுதியிருக்கும், பத்துப் பேர், அறுநூத்தி எண்பது கிலோன்னு."

"பத்துப் பேர் ஏற மாட்டாங்க சார் இதுல."

லிஃப்ட்காரர் தானே சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தார். கடைக்காரர் வேறு பெட்டியைத் திறக்கத் திரும்பிய நேரம், அங்கே கிடந்த தூண்டில் நரம்பை எடுத்து ஒரு முனையைக் கோல் நுனியிலும் மறுமுனையைக் கடையின் இரும்பு ஷட்டரிலும் கட்டி, காலை அகட்டி வைத்துக்கொண்டு இழுத்தார். கோல் அழகாக வளைந்தது. ஷட்டர் கடகடவென்று இறங்கிக் கடையைப் பாதி மூடியது. கடைக்காரர் நெற்றிக் கண்ணாடி கீழே விழ, "சார்!" என்று கத்தினார். ஊசி மூலையில் இருந்த ஈயக்குண்டு டப்பாவை ரொம்ப அக்கறையாகப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்கியதில் அவளுக்கு விலா வலித்தது.

"இதையே குடுங்க," என்றார் லிஃப்ட்காரர் திருப்தியோடு. இரண்டாகக் கழற்றிப் பைக்குள் போடுகிற மாதிரி இருந்ததை வேண்டாம் என்றுவிட்டார். இணைப்பு இருக்கிற இடம்தான் முதலில் போகும் என்பது அவர் அனுபவம்.

ரீலில் அவர் தேர்வைக் குறை சொல்ல முடியாது. பிளாஸ்டிக் உடம்பை ஒதுக்கினார். கைப்பிடியைச் சுற்றி, உள்ளே பல்சக்கரம் ஓடுகிற சத்தத்தைக் காதில் வைத்துக் கேட்டார். இரும்பு உடம்பு, உருளை வடிவம், கனமான நரம்பு இருநூறு மீட்டர் பிடிக்கும். கடைக்காரரே, "இது நல்ல ஐட்டம் சார், பார்த்துத்தான் எடுக்கறீங்க," என்றார். லிஃப்ட்காரர் ஊசியைத் திரும்பிப் பார்த்தார், கேட்டுக்கொண்டாயா என்பதுபோல.

அப்புறம்தான் வினை வந்தது. ரீலின் கைப்பிடிக்கு அடியில் நட்சத்திர வடிவத்தில் ஒரு சக்கரம். கடைக்காரர் அதைக் கொஞ்சம் தளர்த்தி, நரம்பைக் கையால் பிடித்து இழுத்தார். கிர்ர் என்று ரீல் சுற்ற, நரம்பு வெளியே ஓடியது.

லிஃப்ட்காரர் முகம் வெளுத்துவிட்டது. "பிடிமானம் இல்லாம ஓடுதே!"

"ஓடணும் சார். இதுதான் டிராக். பெரிய மீன் ஒரே இழுப்பா இழுக்கும். அப்ப நரம்பைக் கொஞ்சம் விட்டுக் குடுக்கும். இறுக்கிட்டீங்கன்னா நரம்பு அறுந்துடும்."

"அதாவது பிரேக் வழுக்கும்."

"அப்படியும் சொல்லலாம்."

"வழுக்கற பிரேக்கை வச்சு ஒருத்தர் பொழப்பு நடத்தறாரு," என்று லிஃப்ட்காரர் ஊசியிடம் சொன்னார். பிறகு நட்சத்திரத்தைப் பிடித்துப் பல்லைக் கடித்துக்கொண்டு, இனி திருகவே முடியாது என்கிற வரை இறுக்கினார்.

ஊசி அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது புதுசாகவே தெரியவில்லை. அவள் மெஷினில் நூல் இரண்டு தகடுகளுக்கு நடுவில் நழுவிப் போகிற இடத்தில் ஒரு குமிழ் உண்டு. டென்ஷன் என்பார்கள். தளர்ந்தால் தையல் கொசகொசவென்று தொங்கும். இறுகினால் நூல் பட்டென்று அறும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள், ஒன்பதாவது படிக்க வேண்டிய வயசிலிருந்து தினமும் திருகுகிற குமிழ் அது. ஏங்க, அது சரியில்லைங்க, என்று சொல்ல வாய் வரை வந்தது. ஜன்னலும் கூடவே வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

இரண்டாவது ஞாயிறு, பாலத்துக்குக் கீழே ஆறு திரும்புகிற இடத்தில் லிஃப்ட்காரர் உட்கார்ந்தார். பதினோரு மணிக்கு ஏதோ ஒன்று இரையைக் கவ்வியது. இரண்டு கையாலும் கோலைப் பிடித்து நின்றார். நரம்பு துப்பாக்கி வெடித்த மாதிரி அறுந்தது. லிஃப்ட்காரர் பின்பக்கமாகச் சேற்றில் உட்கார்ந்தார். அன்றைக்குப் பேண்டைத் தோய்த்தவள் ஊசி.

மூன்றாவது ஞாயிறு, இன்னும் கனமான நரம்பு போட்டார். இந்த முறை நரம்பு அறவில்லை, தூண்டில் முள் நேராக நிமிர்ந்து வந்தது. பல்செட் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மச்சான், மீன் உங்களுக்காக இஸ்திரி போட்டுக் குடுத்திருக்கு."

"அடுத்த வாரம் பாருங்க மாப்பிள்ளை. இதைவிடப் பெரிய முள்ளு போடறேன்."

"நங்கூரமே போடுங்க."

அந்த வாரம் லிஃப்ட்காரர் சரியாகச் சாப்பிடவில்லை. நடைவழியில் அவளைத் தாண்டிக் குளிக்கப் போகும்போது, "கோலு சரிதான். ரீலும் சரிதான். பிரேக்கும் கெட்டியா இருக்கு. அப்புறம் என்னதான் தப்பு?" என்று கேட்டுக்கொண்டே போவார். ஊசி குனிந்து ஜிப்பைத் தைப்பாள். வியாழக்கிழமை அவர் அதே கேள்வியைக் கேட்டபோது, தையல் ஒன்றரை அங்குலம் கோணிப்போய்விட்டது. பிரித்து மறுபடி தைத்தாள்.

நாலாவது ஞாயிறுதான் கடைசி. எல்லோரும் கிளம்பினார்கள். தங்கை தீர்ப்புச் சொல்ல, பல்செட் சிரிக்க, ஊசி சாப்பாட்டுப் பையைத் தூக்க. ஊசி இரண்டு பேண்டையும் கையோடு எடுத்துப்போனாள், அடி மடிக்க. சாப்பிட்டதும் தங்கை பாயில் சாய்ந்து குறட்டை விட்டாள். பல்செட் நூறடி தள்ளிப் போய்த் தன் கோலைப் போட்டுக்கொண்டார். லிஃப்ட்காரர் கோலைக் கவட்டைக் குச்சியில் சாத்தி, நுனியில் சின்ன மணியைக் கட்டிவிட்டு உட்கார்ந்தார். பக்கத்துக் கல்லில் ஊசி.

இரண்டு மணி இருக்கும். மணி ஒரு தடவை கிணுங்கியது. அப்புறம் கோலே ஆற்றுக்குள் போகப் பார்த்தது. லிஃப்ட்காரர் பாய்ந்து பிடித்தார். ஒன்பதடிக் கோலும் வில்லாக வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டது. அவர் குதிகாலை மண்ணில் புதைத்து, பின்னால் சாய்ந்து, விழப்போகிற லிஃப்டைத் தனியாளாகப் பிடித்து நிறுத்துகிறவர் மாதிரி நின்றார்.

"விட மாட்டேன்! விடவே மாட்டேன்!"

ஊசி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இன்னும் நாலு நொடி. நரம்பு அறுந்துவிடும், மாசம் முடிந்துவிடும், நாளைக்கு மெஷினை நகர்த்தலாம். அவள் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை.

நரம்பு கத்த ஆரம்பித்தது. மெல்லிசாக, மேலே மேலே போகிற சத்தம். அறுவதற்கு முந்தி நூல் போடுகிற சத்தத்தை முப்பது வருஷமாகக் கேட்ட கை அது. அவளைக் கேட்டா போகும்? கல்லிலிருந்து எழுந்ததுகூட அவளுக்கு நினைவில்லை. ஜீன்ஸ் மடித்து மடித்து இரும்பாகிப்போன விரல்கள் நட்சத்திரத்தைப் பிடித்து ஒரு திருகு திருகின.

கிர்ர்ர் என்று நரம்பு ஓடியது.

"ஐயோ! பிரேக் போச்சு! பிரேக் போச்சு!" லிஃப்ட்காரர் அலறினார்.

"போகட்டும், விடுங்க."

"ஏய், என்ன பண்றே நீ?"

"ஓடட்டும்ங்க. களைச்சு நிக்கும். கோலை மட்டும் நிமிர்த்திப் பிடிங்க... நின்னுடுச்சு பாருங்க. இப்பச் சுத்துங்க. சுத்துங்கன்னா! ம்... மறுபடி ஓடுது, கையை எடுங்க, கையை எடுங்க!"

இருபத்தைந்து வருஷத்தில் மனைவி இவ்வளவு பேசி லிஃப்ட்காரர் கேட்டதில்லை. பயத்தில் சொன்னதையெல்லாம் செய்தார். மீன் இழுத்தால் விட்டார், நின்றால் சுற்றினார். அலறல் கேட்டுப் பல்செட் வலையோடு ஓடிவருவதற்குள் ஊசி தன் கல்லுக்குத் திரும்பிப் பேண்டைக் கையில் எடுத்திருந்தாள். இருபது நிமிஷம் கழித்துத் தண்ணீருக்கு மேலே ஒரு தலை வந்தது. அகலமான வாய், நாலு பக்கமும் மீசை, எதையும் ஒத்துக்கொள்ளாத முகம். பல்செட் வலையை நீட்டி, வழுக்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி மீனைக் கட்டிப்பிடித்துக் கரை சேர்த்தார். ஒரு செருப்பை ஆறு கொண்டுபோய்விட்டது.

வீட்டில் எடை பார்க்கிற மெஷினில் லிஃப்ட்காரர் மீனை அணைத்துக்கொண்டு ஏறினார். தொண்ணூற்றைந்து.

"நான் எழுபத்தெட்டு. அப்ப மீன் பதினேழு கிலோ!" என்றார்.

"அண்ணா, மீனைக் கீழ வச்சுட்டுத் தனியா ஏறு."

"எதுக்கு? டாக்டர்கிட்டயே எழுபத்தெட்டுன்னுதான் சொல்லியிருக்கேன்."

"ஏறுண்ணா."

எண்பத்து நாலு. தங்கை அவர் தொப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "மீன் பதினோரு கிலோ. ஆறு கிலோ உன்னோடது."

பதினொன்று என்றாலும் பத்துக்கு மேல்தானே. தங்கை தீர்ப்பைச் சொல்லிவிட்டாள். ஊசி சமையலறைக்குப் போய் மீனைத் துண்டு போட்டாள். வெட்டி வைத்த திரைத்துணி பீரோவில் இருந்தது. அதில் தலையணை உறை தைக்கலாம் என்று கணக்குப் போட்டாள். கணக்கு சரியாக வந்தது, ஆனால் கத்தி வேகமாக இறங்கியது.

இரவுச் சாப்பாடு வரைக்கும் காத்திருக்காமல், சாயங்காலமே வறுத்த மீனோடு எல்லோரும் உட்கார்ந்தார்கள். லிஃப்ட்காரர் நாலாவது தடவையாகக் கதையைச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் ஆறு அகலமானது.

"நான் யோசிச்சேன் மாப்பிள்ளை. இறுக்கிப் பிடிச்சா அறுந்துடும். கொஞ்சம் விட்டுப் பிடிப்போம்னு பிரேக்கை..."

"நான்தான் திருகினேன்," என்றாள் ஊசி.

பல்செட்டின் வாயில் மீன் அப்படியே இருந்தது.

"என்ன அண்ணி?"

"டிராக்கைத் தளர்த்தினது நான். எப்ப விடணும், எப்பச் சுத்தணும்னு சொன்னதும் நான்தான்."

எல்லோரும் லிஃப்ட்காரரைப் பார்த்தார்கள். அவர் ஒரு முள்ளை நாக்கால் தேடி எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். மறுக்கப் போகிறார் என்றுதான் ஊசி நினைத்தாள்.

"ஆமா," என்றார். "என்கிட்டயே விட்டிருந்தா அறுந்திருக்கும்." பிறகு அவளைப் பார்த்தார். "உனக்கு எப்பத் தெரியும், அதை இறுக்கக் கூடாதுன்னு?"

"கடையிலேயே தெரியும்."

"கடையிலேயேவா! மூணு வாரமா நான் சோறு இறங்காம சுத்தினேனே. ஏன் சொல்லல?"

"ஜன்னல் வேணும்ல."

பல்செட் சிரித்த சிரிப்பில் மீன் தொண்டையில் சிக்கி, தங்கை முதுகில் நாலு போட வேண்டியிருந்தது. லிஃப்ட்காரர் சிரிக்கவில்லை. 'நானே பிடித்து' என்று சபையில் சொன்னவர் அவர்தான். தங்கை அதை இரண்டு தடவை எடுத்துக்காட்டினாள். மீன் பாதி அவருடையது, பாதி ஊசியுடையது, ஆளுக்கு அஞ்சரைக் கிலோ, பத்து வரவில்லை என்று புதுத் தீர்ப்பு எழுதினாள். லிஃப்ட்காரர் கையைக் கழுவிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார்.

திங்கள் பேசவில்லை. செவ்வாயும் பேசவில்லை. புதன்கிழமை வேலைக்குப் போகுமுன் மெஷினை ஒரு முனையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பக்கம் பிடி," என்றார். ஜன்னலுக்குக் கீழே போட்டார்கள். நாலு காலையும் ஆட்டிப் பார்த்து, ஒன்றின் அடியில் அட்டையை மடித்துச் செருகினார். கோல்கள் சுவரோரமாகக் கட்டிலுக்கு அடியில் போயின. நாற்றமெடுத்த டப்பா மட்டும் வீட்டை விட்டே போனது. அதில் ஊசி விட்டுக்கொடுக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ரீலைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார். நட்சத்திரத்தை ஒரு பல் திருகினார், திரும்பவும் இறுக்கினார்.

"நாளைக்கு மாப்பிள்ளை வர்றார். இது எவ்வளவு தளர்வா இருக்கணும்?"

ஊசி தைப்பதை நிறுத்தாமல் இடது கையால் நரம்பைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். "இன்னும் ஒரு சுத்து விடுங்க."

"வழுக்குமே."

"வழுக்கட்டும்."

அவர் மூச்சை இழுத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுற்று விட்டார். "இப்ப?"

"இப்பச் சரி. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க."